அஸ்வெசும பணம் உலக வங்கியின் பணமா?

கேள்வி: "2023 ஜூனில் உலக வங்கி இலங்கைக்கு 700 மில்லியன் டொலர் தந்தது. அஸ்வெசும கொடுப்பனவு அந்தக் காசில்தான் நடக்கிறது என்று சொல்கிறார்கள். உண்மையா? அது கடனா, நன்கொடையா? இவ்வளவு காசு வந்தும் கஷ்டப்பட்ட குடும்பங்கள் பட்டியலில் இல்லையே, ஏன்?"

முதலில் நேரடியான பதில். அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகை. அதன் பெரும்பகுதி உலக வங்கிப் பணமில்லை, வரிப்பணம். உலக வங்கி தந்தது சலுகைக் கடன். பட்டியலில் ஆட்கள் விடுபட்டதற்குக் காசுத் தட்டுப்பாடு முக்கியக் காரணமே இல்லை. மூன்றையும் விளக்கிச் சொன்னால்தான் நம்புவீர்கள்.

700 மில்லியன் என்பது ஒரே கடனில்லை. 2023 ஜூன் 28 அன்று உலக வங்கியின் பணிப்பாளர் சபை அனுமதித்தது இரண்டு கடன்களை. 500 மில்லியன் வரவு செலவுத் திட்ட ஆதரவு. அதிலும் 250 உடனே, மற்ற 250 அந்த ஆண்டு டிசம்பரில். மிச்ச 200 மில்லியன் சமூகப் பாதுகாப்புத் திட்டம். பத்திரிகைகள் கூட்டி ஒரே தொகையாகப் போட்டன. இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு என்பதால் அங்கேயே குழப்பம் தொடங்கிவிட்டது.

வரவு செலவுத் திட்ட ஆதரவுக்குப் பற்றுச்சீட்டு கிடையாது. உலக வங்கியும் அரசாங்கமும் பேசி, இன்னின்ன சட்டங்களும் கொள்கை மாற்றங்களும் முதலில் நடக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடும். இவற்றுக்கு முன் நடவடிக்கைகள் என்று பெயர். அவை முடிந்த பிறகே பணம் வரும். டொலர் மத்திய வங்கியின் கையிருப்பில் சேர, அதற்குச் சமமான ரூபா திறைசேரியின் கணக்கில் விழும். விழுந்த கணமே அது பெறுமதி சேர் வரியோடும் சுங்க வரியோடும் கலந்துவிடும். அதற்குப் பிறகு "அந்த 500 மில்லியன் எங்கே போனது?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மறைக்கிறார்கள் என்பதால் இல்லை, பிரித்துக் காட்ட வழியே இல்லை. அதைப் பெறுவதற்கு எந்தச் சட்டத்தை மாற்றினீர்கள், எந்த விலைச் சூத்திரத்தை ஏற்றீர்கள் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கான பதில் கடன் ஆவணத்தின் பின்னிணைப்பில் அட்டவணையாகவே இருக்கும். நம் பாராளுமன்ற விவாதங்களில் அந்த அட்டவணையை யாரும் பெரிதாகத் தூக்கிப் பிடிப்பதில்லை என்பது என் மனக்குறை.

திட்டக் கடன் இதற்கு நேரெதிர். ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானதும் பணம் வந்துவிடாது. சட்டமா அதிபரின் சட்ட அபிப்பிராயம், திட்ட அலுவலகம், செயற்பாட்டுக் கைநூல் போன்ற நிபந்தனைகள் நிறைவேறிய பிறகே கடன் நடைமுறைக்கு வரும். அப்போது ஒரு தனிக்கணக்கு திறந்து முற்பணம் போடுவார்கள். திட்ட அலுவலகம் அதிலிருந்து செலவழித்து, இடைக்கால நிதி அறிக்கை அனுப்பி, செலவு ஏற்கப்பட்டால் மீண்டும் நிரப்பிக்கொள்ளும். அரசாங்கம் முதலில் தன் காசைச் செலவழித்துவிட்டுப் பிறகு மீளப்பெறும் முறையும் உண்டு. ஒப்பந்தத்தில் இல்லாத செலவு கணக்காய்வில் பிடிபட்டால் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

இப்படிக் கட்டம் கட்டமாகப் போவதால், அனுமதித்த தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் எப்போதும் இடைவெளி இருக்கும். ஐந்து ஆண்டுத் திட்டத்தின் முதல் ஆண்டில் சிறு பகுதியே வெளியே வரும். கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோருவதில் இழுபறி, அதிகாரி இடமாற்றம், கணக்காளர் வெற்றிடம், அரசாங்கம் போடவேண்டிய பங்கு அந்த ஆண்டின் ஒதுக்கீட்டில் இல்லாமல் போவது, காணி சுவீகரிப்பு என்று சிக்குவதற்கு இடம் நிறைய. முடிவுத் திகதிக்குள் செலவழியாத தொகையை நீட்டிப்புக் கேட்டு வாங்கலாம். இல்லையேல் அது இரத்தாகும். ஆகவே செய்தியில் வரும் தொகையைப் பார்த்ததும் நீங்கள் கேட்கவேண்டியது, அறிவித்ததா, ஒப்பந்தமானதா, விடுவித்ததா, செலவானதா என்பதைத்தான். நான்கும் ஒரே எண்ணாக இருக்கவே இருக்காது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2023இல் அறிவித்தபடி அஸ்வெசுமவில் நான்கு வகுப்புகள். மிகவும் வறியவர்கள் 4 இலட்சம் குடும்பங்கள், மாதம் 15,000 ரூபா. வறியவர்கள் 8 இலட்சம், 8,500 ரூபா. பாதிக்கப்படக்கூடியவர்கள் 4 இலட்சம், 5,000 ரூபா. இடைநிலையினர் 4 இலட்சம், 2,500 ரூபா. முழு ஆண்டுக்குப் பெருக்கினால் முறையே 72, 81.6, 24, 12 பில்லியன். கூட்டினால் சுமார் 190 பில்லியன் ரூபா. முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் கொடுப்பனவுகளையும் சேர்த்தால் 200ஐத் தாண்டும். உலக வங்கியின் 200 மில்லியன் டொலர் அந்த நேரத்து மாற்று வீதத்தில், டொலர் 310 ரூபா என்று வைத்தால், 62 பில்லியன் ரூபா. ஒரு சதமும் வேறு எதற்கும் போகாமல் முழுவதையும் கொடுப்பனவாகவே கொடுத்தாலும் நான்கு மாதத்துக்குக்கூடக் காணாது. ஆனால் அது பல ஆண்டுகளுக்கான தொகை, அதிலே பதிவேட்டை அமைக்கும் செலவும் அடங்கும்.

மிச்சத்தை யார் கட்டுகிறார்கள்? பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆகி, செப்டெம்பரில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. அஸ்வெசும எடுக்கும் குடும்பமும் கடைக்குப் போகும்போது அந்த வரியைக் கட்டிவிட்டுத்தான் வருகிறது. இதை யாரும் கணக்கில் கழித்துச் சொல்வதில்லை.

அடுத்தது கடனா நன்கொடையா என்பது. உலக வங்கிக்குள் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று சந்தை வட்டிக்கு நெருக்கமாகக் கடன் கொடுக்கும் பெட்டி. நடுத்தர வருமான நாடுகளுக்கானது. மற்றது 1960இல் தொடங்கிய சர்வதேச அபிவிருத்திச் சங்கம், சுருக்கமாக ஐடிஏ, வறிய நாடுகளுக்கானது. இந்த இரண்டாவது பெட்டியைப் பணக்கார நாடுகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நிரப்பும். 2024 டிசம்பரில் சியோலில் நடந்த கூட்டத்தில் கொடையாளர்கள் 23.7 பில்லியன் டொலர் தருவதாகச் சொல்ல, மொத்தத் தொகை 100 பில்லியன் என்று அறிவித்தார்கள். 23.7 எப்படி 100 ஆனது? ஐடிஏ 2018இலிருந்து தன் பெயரில் கடன் பத்திரம் விற்கிறது. மிக உயர்ந்த தரமதிப்பு இருப்பதால் மலிவாகக் கடன் கிடைக்கும். பழைய கடனாளிகள் திருப்பிக் கட்டுவதும் அதே பெட்டிக்குள் விழும். இலங்கை பல பத்தாண்டுகளுக்கு முன் வாங்கியதன் தவணைகளும் அதில் அடக்கம். இந்தியாவைப் பாருங்கள். ஒருகாலத்தில் ஐடிஏயின் ஆகப்பெரிய கடனாளி, 2014இல் அதிலிருந்து வெளியேறி இன்று கொடையாளர் வரிசையில் நிற்கிறது.

இலங்கை போன வழி வேறு. 2017இல் தலைக்குரிய வருமானம் உயர்ந்துவிட்டதென்று ஐடிஏயிலிருந்து வெளியேறியது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஐடிஏ கதவு மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கு முன், ஒக்டோபரில், இதைக் கோர அமைச்சரவை முடிவெடுத்தபோது "இலங்கை வறிய நாடாகத் தரமிறக்கப்பட்டது" என்று பெரிய ஆரவாரம். உண்மையில் வருமான வகைப்படுத்தல் ஒரு பதிவேடு, சலுகைக் கடனுக்குத் தகுதி இன்னொரு பதிவேடு. முதலாவதில் இலங்கை கீழ் நடுத்தர வருமான நாடாகவே இருந்தது. மாறியது இரண்டாவது மட்டும்.

ஐடிஏயின் வழமையான கடன் 38 ஆண்டு. தொடக்க 6 ஆண்டுகளுக்கு அசலைக் கட்டத் தேவையில்லை. வட்டி இல்லை, முக்கால் வீதச் சேவைக்கட்டணம் மட்டும். சற்று வசதியான நாடுகளுக்கு 30 ஆண்டு, 5 ஆண்டுச் சலுகைக்காலம், சேவைக்கட்டணத்தோடு ஒன்றேகால் வீத வட்டி. இவை எஸ்டிஆரில், அதாவது சில முக்கிய நாணயங்களைச் சேர்த்துச் சர்வதேச நாணய நிதியம் வைத்திருக்கும் கணக்கு அலகில், சொல்லப்படும் வீதங்கள். டொலரில் எடுத்தால் அதற்கேற்பக் கூடும். கடன் சுமையில் மூழ்கும் அபாயம் அதிகமுள்ள மிக வறிய நாடுகளுக்கு மட்டுமே முழு நன்கொடை. இலங்கை அந்த வரிசையில் இல்லை.

சலுகைக் கடனுக்கும் ஒரு முள் இருக்கிறது. வட்டி குறைவுதான், ஆனால் திருப்பிக் கட்டுவது வெளிநாட்டு நாணயத்தில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 20 பில்லியன் ரூபாவாக எழுதப்பட்டிருந்த 100 மில்லியன் டொலர் கடன், யாரும் ஒரு சதம் கூடுதலாக வாங்காமலே இரண்டரை மாதத்தில் 36 பில்லியன் ஆனது. அந்த இழப்பைத் திறைசேரி சுமக்கும், உலக வங்கி சுமக்காது. இன்னொன்று: ஏப்ரல் 12 அறிவிப்பில் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, நாணய நிதியம் மூன்றின் தவணைகளும் சேரவில்லை. நாட்டில் பெற்றோல் வரிசை நின்ற நாட்களிலும் அவற்றுக்குக் கட்டப்பட்டது. இவர்களுக்கு முன்னுரிமைக் கடன்காரர் நிலை உண்டு. கடன் மறுசீரமைப்பு மேசையில் இவர்களுடைய கடன் குறைக்கப்படாது. அதனால்தான் இவர்களால் மலிவாகக் கொடுக்கவும் முடிகிறது.

"அப்படியென்றால் மருந்துக்குக்கூடக் காசில்லாத 2022இல் ஏன் புதிதாக எதுவும் தரவில்லை?" என்று அடுத்துக் கேட்பார்கள். 2022 ஜூலையில் உலக வங்கி வெளிப்படையாகவே சொன்னது: போதுமான பேரினப் பொருளாதாரக் கட்டமைப்பு, அதாவது நாட்டின் ஒட்டுமொத்தப் பொருளாதாரத்துக்கான கொள்கைத் திட்டம், வரும்வரை புதிய நிதி இல்லை. அந்த இடைவெளியில் செய்ததெல்லாம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த திட்டங்களில் செலவழியாமல் கிடந்த பணத்தை மருந்து, சமையல் எரிவாயு, உரம், பாடசாலை உணவு, வறிய குடும்பங்களுக்கான காசு என்று திருப்பிவிட்டதுதான். காரணம் எளிது. கடன் தாங்கமுடியாத நாட்டுக்குப் புதுக் கடன் கொடுத்தால் அது கடன் சுமையைத்தான் இன்னும் கூட்டும். ஆகவே முதலில் நாணய நிதியத்தின் உடன்படிக்கை வேண்டும், அதற்குக் கடன் கொடுத்த நாடுகளின் உத்தரவாதம் வேண்டும். 2023 மார்ச் 20 அன்று சுமார் 3 பில்லியன் டொலருக்கான நான்காண்டு ஏற்பாடு வந்தது. அதற்குப் பிறகே ஜூனில் உலக வங்கி. ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் இணைத்தலைமை வகித்த கடன்காரர் குழுவோடு 5.8 பில்லியனுக்கான இறுதி இணக்கம் 2024 ஜூன் 26 அன்றுதான் கைகூடியது. அதே நாளில் சீனாவின் எக்சிம் வங்கியோடு 4.2 பில்லியனுக்கும். சர்வதேச ஒத்துழைப்பு என்று மேடையில் சொல்வது நடைமுறையில் இந்த வரிசைக்கிரமம்தான். ஒருவர் கையெழுத்துக்காக மற்றவர் காத்திருப்பார். அந்த நேரத்தில் வறுமை காத்திருக்கவில்லை: உலக வங்கியின் மதிப்பீட்டில் 2019இல் 11.3 வீதமாக இருந்தது 2023இல் 25.9 வீதம்.

கடைசிக் கேள்விக்கு வருவோம். நாணய நிதியத்தின் ஏற்பாட்டில் வழக்கமான கட்டுப்பாடுகளோடு, சமூகப் பாதுகாப்புக்கு இவ்வளவுக்குக் குறையாமல் செலவழிக்க வேண்டும் என்ற கீழ் எல்லையும் உண்டு. 2023 டிசம்பர் முடிவில் அளவு இலக்குகளை மதிப்பிட்டபோது, எட்டப்படாமல் போனது அந்தச் சமூகச் செலவு இலக்கு ஒன்றுதான். வரி இலக்கு சரி, கையிருப்பு இலக்கு சரி, வறியவருக்குக் கொடுக்க வைத்த காசு மட்டும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அனுமதி இருந்தது, ஒதுக்கீடு இருந்தது, பட்டியல் தயாராகவில்லை.

பட்டியல் எப்படி உருவானது? சுமார் 37 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளை வைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி போட்டார்கள். அஸ்வெசுமவுக்கு முன்பிருந்த உதவித்திட்டமான சமுர்த்தியில் அரசியல்வாதியின் கையும் அலுவலரின் தயவும் கலந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மாற்றாகப் புள்ளிமுறை வந்தது நல்ல நோக்கம்தான். ஆனால் வருமானத்தை நேரடியாக அளக்க முடியாத இடத்தில் சுவரையும் தரையையும் வாகனத்தையும் பார்த்து வருமானத்தை ஊகிக்கும் முறை இது. ஊகம் பிழைக்கும் இடங்கள் தெரிந்தவைதான்.

வடக்கில் போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா மானியத்தோடு கட்டிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சீமெந்துக் கல் சுவர், ஓட்டுக் கூரை. உள்ளே கணவனை இழந்த பெண், இரண்டு பிள்ளைகள், கூலி வேலை கிடைத்த நாளில் அடுப்பு எரியும். படிவம் சுவரைத்தான் பார்க்கும். வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்கி முடித்தவர்கள் உண்டு. அந்தக் கடனுக்குப் படிவத்தில் புள்ளி இல்லை. ஓடாமல் முற்றத்தில் நிற்கும் பழைய முச்சக்கரவண்டியும் சொத்துத்தான். மலையகத்தில் வேறு சிக்கல். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், சில வேளை ஒரே அறையில், இரண்டு மூன்று குடும்பங்கள். முகவரி ஒன்று, மின்மானி ஒன்று. யாரை எந்தக் குடும்பமாகப் பதிவது என்பதிலேயே ஆட்கள் விடுபடுவார்கள். 2019இன் அரச புள்ளிவிபரப்படி தோட்டத்துறையில் வறுமை 33.8 வீதம், நகரத்தில் 6 வீதம். விடுபடக்கூடாத இடத்தில்தான் விடுபட அதிக வாய்ப்பு.

பட்டியலில் பெயர் வந்த பிறகும் தடை உண்டு. கொடுப்பனவு இலங்கை வங்கி, மக்கள் வங்கி போன்ற அரச வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்குக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் ஒரு பெயர், அட்டையில் ஓர் எழுத்து வேறு, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று என்றால் கணினி தள்ளிவிடும். முதல் பட்டியலுக்கே ஒன்பது இலட்சத்துக்கு மேல் மேன்முறையீடுகள் வந்ததில் வியப்பில்லை. அந்த விண்ணப்பங்களைப் பிரதேச செயலகத்தில் ஏற்கெனவே வேலை மலைபோல் இருந்த அலுவலர்கள்தான் பார்க்க வேண்டியிருந்தது. 200 மில்லியன் கடனில் என்னைப் பொறுத்தவரை உருப்படியான பகுதி, காசைவிட, இந்தப் பதிவேட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஏற்பாடுதான். ஒருமுறை கணக்கெடுத்து மூன்று ஆண்டுக்கு மூடிவைத்தால், இடையில் வேலை போனவரும் விதவையானவரும் வெளியேதான் நிற்பார்கள். 2025 ஜனவரியிலிருந்து 15,000 ரூபா 17,500 ஆகவும், 8,500 ரூபா 10,000 ஆகவும் கூடியது வரவேற்கத்தக்கது. பட்டியலுக்கு வெளியே நிற்பவருக்கு அதனால் ஒன்றுமில்லை.

நீங்களே சரிபார்க்க விரும்பினால்: உலக வங்கியின் தளத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிப்பக்கம் உண்டு. அறிமுகப் பத்தியை விட்டுவிட்டு, நடைமுறை நிலை அறிக்கையைத் திறங்கள். விடுவிக்கப்பட்ட தொகை, முடிவுத் திகதி, "மிதமான திருப்தி" "மிதமான அதிருப்தி" என்ற மதிப்பீடு எல்லாம் அதில் இருக்கும். மதிப்பீடு ஒரு படி இறங்கியிருந்தால் காரணமும் அருகிலேயே ஒரு வரியில் கிடக்கும். நம் பக்கத்தில் வெளிநாட்டு வளங்கள் திணைக்களமும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும்.

ஊர்க் கணக்கு வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். "அஸ்வெசும பற்றிய விபரம் தருக" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தைப் போட்டு, விண்ணப்பித்த குடும்பங்கள் எத்தனை, தெரிவானவை எத்தனை, மேன்முறையீடு எத்தனை, தீர்ந்தவை எத்தனை, தெரிவாகியும் வங்கிக் கணக்கோ அடையாள அட்டையோ இல்லாததால் நிற்பவை எத்தனை என்று ஐந்து எண்களை மட்டும் கேளுங்கள். தனி ஆட்களின் பெயர் கேட்டால் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி மறுப்பார்கள். எண்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. ஐந்தாவது எண் பெரிதாக இருந்தால் மேன்முறையீடு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தக் குடும்பங்களுக்கு முதலில் தேவை ஆட்பதிவுத் திணைக்களத்தின் நடமாடும் சேவை ஒன்று. அதைக் கேட்டுப் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள்.